வண்டிக்கு எதிரே நின்றவள்

ஏங்க,

உங்களைத்தான். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். பேங்கிலிருந்து வந்த கடுதாசி மாதிரி இருந்தது. வாசலில் வேன் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து எப்படிக் கூப்பிடுவேனோ, அப்படியே இருக்கட்டும். தங்கமே, ராஜாவே என்றெல்லாம் நீங்கள் இருந்தபோதே கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்க்காமல் போய்விடுவீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் அடைமழை. ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் செக்கச் செவேலென்று போகிறதாம். ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது. மழை பெய்தால் உங்கள் ஞாபகம் வருகிறது என்று எழுதினால் அது பொய். ஞாபகம் வெயிலிலும்தான் வருகிறது. மழை பெய்தால் கோபமும் கூட வருகிறது. அந்தக் கோபத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? இதை வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். வண்டி ஓட்டுகிறவர்களும், அவர்களுக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு அவசரப்படுத்துகிறவர்களும் படித்தால் ரொம்ப நல்லது.

முதலில் நல்ல செய்தி. போன ஐப்பசியில் நம் மலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உப்பிலியபுரத்தில் கொடுத்திருக்கிறோம். விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை துறையூரில் உரக்கடை வைத்திருக்கிறார். சாப்பிடும்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த விஷயத்தில் உங்களுக்கு நேர் எதிர். மலர் சந்தோஷமாக இருக்கிறாள்.

ஆனால் அந்தக் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். உங்கள் சொந்தத்தில் நாலு பேர் இதை நாலு விதமாக அங்கே வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மன்னார்புரம் வேன் ஸ்டாண்டில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் ஞாபகம் இருக்கிறதா? "ஓரங்கட்டி". மழை வலுத்துக் கண் தெரியாமல் போனால், வண்டியில் கலெக்டரே உட்கார்ந்திருந்தாலும் ரோட்டைவிட்டு இறக்கி ஓரங்கட்டிவிடுவீர்கள். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். "சிரிச்சா சிரிக்கட்டும். மொத மழைதான் பொல்லாதது. தார் மேல கெடக்கிற எண்ணெயும் புழுதியும் குழைஞ்சு வெண்ணெய் மாதிரி ஆயிடும். அதுல பிரேக்கை மிதிச்சா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது" என்பீர்கள். முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்க முடிந்தால் நாம் ரொம்பக் கிட்டே போகிறோம் என்று அர்த்தம் என்பீர்கள். "அப்ப எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் நல்ல டிரைவரா?" என்று நான் கேட்டதற்கு உங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அந்தப் புகையிலைச் சண்டையையும் மறந்திருக்க மாட்டீர்கள். வேனுக்குள் புகையிலைத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டு, திருட்டுத்தனமாகப் போடுகிறீர்கள் என்று ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. வைப்பர் மக்கர் பண்ணினால் கண்ணாடியில் தேய்ப்பதற்கு என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. கடைசியில் கொட்டுகிற மழையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக் காட்டினீர்கள். தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடியது. ரோடு பளிச்சென்று தெரிந்தது. எனக்கும் அசடு வழிந்தது.

அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை?

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து மழைக்காலம். உங்கள் அண்ணன் மகனுக்கு மணப்பாறையில் பெண் பார்த்து, நிச்சயம் பண்ணப் போனீர்கள். உங்கள் வேன், உங்கள் சொந்தக்காரர்கள், பக்கத்துச் சீட்டில் உங்கள் அண்ணன். ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் வேகத்தைக் குறைத்து ஓரம் பார்த்தீர்களாம். அண்ணன் சொன்னாராம்: "நல்ல காரியத்துக்குப் போற வண்டிடா. நடுவழியில நிக்கக் கூடாது. இன்னைக்கு ஒரு நாளாவது ஓரங்கட்டாம ஓட்டு." வேனே சிரித்ததாம். நீங்களும் சிரித்தீர்களாம். சிரித்துக்கொண்டே கியரை மாற்றினீர்களாம்.

மழைக்கு நின்ற லாரி ஒன்று, ரோட்டைவிட்டு இறங்காமல் தார் மேலேயே நின்றிருந்தது. விளக்கும் போடவில்லை. மற்றவர்களுக்குக் கை, காலில் அடிபட்டதோடு போயிற்று. உங்களுக்கு உயிர் போயிற்று.

உங்கள் அண்ணன் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி என்னிடம் வாயே திறந்ததில்லை. ஆனால் என் டீச்சர் டிரெயினிங்குக்கு அலைந்தவர் அவர்தான். மலரை ஸ்கூலில் சேர்த்தவரும், மாப்பிள்ளை பார்த்தவரும் அவர்தான். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. நல்ல சிக்கலில் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள் போங்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஒரு புது அந்தஸ்து வந்தது. காலையில் நான் ஸ்கூலுக்கு நடந்தால், நல்ல காரியமாகக் கிளம்பி எதிரே வருகிற சிலர் சட்டென்று நின்று, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வார்கள். நான் கடந்து போனதும் நிமிர்ந்து நடப்பார்கள். நம் தெருவில் செருப்புகளுக்கு அப்படி என்னதான் கோளாறோ! முதலில் அழுதேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதைவிட, மரத்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்னே வேன் வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். நாம்தான் பெண்ணை அழைத்துக்கொண்டு போக வேண்டும். டிரைவர் காதர் பாய், உங்கள் ஸ்டாண்டு ஆள்தான்; நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்தவர். உங்கள் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டி கிளம்பறப்போ எதிர்ல வந்துடாதம்மா. தப்பா நெனச்சுக்காத" என்றார். அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது, பாவம். நான் எல்லோருக்கும் முன்னால் ஏறி, பின்கதவை ஒட்டிய கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டு அம்மா தலை நிறையப் பூவோடு, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். வேன் கிளம்பியது.

காதர் பாய் நன்றாகத்தான் ஓட்டினார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூர் வரை தூறல் இருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் போனார். துறையூரைத் தாண்டியதும் வானம் வெளுத்து, இளவெயில்கூட அடித்தது. எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. உப்பிலியபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓடை இருக்கிறது. அதன் குறுக்கே தரைப்பாலம்.

பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

காதர் பாய் நிறுத்தினார். அக்கரை கூப்பிடுகிற தூரம்தான். கல்யாண வீட்டு ரேடியோ செட் சத்தம் காற்றில் வந்தது. "என்ன பாய், நிறுத்திட்டீங்க?" என்றார் உங்கள் அண்ணன்.

"தண்ணி போகுதுங்களே."

"முழங்கால் தண்ணிதான். மழையே இல்ல, இனிமே எங்கேருந்து ஏறப் போகுது?"

கரையில் நின்ற ஒருத்தர் வேறு, "இப்பதாங்க ஒரு டிராக்டர் போச்சு" என்று எடுத்துக் கொடுத்தார். ஊரில் இப்படி ஒருத்தர் எப்போதும் இருப்பார்.

கடைசி சீட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன், தண்ணீர் நன்றாகத் தெரிந்தது. இங்கே வெயில் அடித்தால் என்ன, பச்சைமலையில் ராத்திரி பெய்தது இப்போதுதானே கீழே இறங்கும்? பச்சை இலையோடு முறிந்த கிளைகள் வந்துகொண்டிருந்தன. அப்படியென்றால் மேலே இன்னும் கரையை அறுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பாலத்து ஓரத்தில் நட்டிருக்கும் கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. "ஓரக் கல்லு தெரியலைன்னா பாலமே இல்லைன்னு நெனச்சுக்கணும்" என்று எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பீர்கள்? நான் என்ன வண்டியா ஓட்டப் போகிறேன் என்று அலட்சியமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போது உங்கள் அண்ணன் அதைச் சொன்னார்.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டி பாய். நடுவழியில நிக்கக் கூடாது. எடுங்க."

பிறர் சொல்லியே கேட்டிருந்த வாக்கியத்தை அன்றுதான் நேரில் கேட்டேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு எல்லாம் நேரத்தோடு நடக்க வேண்டுமே என்ற பதைப்பு அவருக்கு. "பாய் பயந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். வேனில் சிரிப்பு எழுந்தது. காதர் பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கியரில் கை வைத்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் நெருப்பாகிவிட்டது. பின்கதவைத் திறந்து இறங்கினேன். சேற்றில் சேலை இழுபட நடந்து போய், வண்டிக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உங்கள் அத்தைதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எதிர்ல வந்துட்டாளே! இவ எதிர்ல வந்துட்டாளே!"

காதர் பாய் என்ஜினை அணைத்தார். உங்கள் அண்ணன் குதித்து இறங்கினார். "அமுதா! என்ன காரியம் பண்ற? பெத்த மகளுக்கு நீயே அபசகுனமா நிக்கிறியே!"

"ஆமா மாமா, நிக்கிறேன். சகுனம் சரியில்லேன்னா வண்டி போகாதுல்ல? அப்ப போகாதீங்க."

"ஊரு என்ன சொல்லும்?"

"என்ன வேணா சொல்லட்டும். அன்னைக்கு நீங்க மணப்பாறைக்குக் கிளம்பறப்போ நிறைகுடத்தோட எதிர்ல வந்தவ யாரு? நான்தானே? 'பூவும் பொட்டுமா மகாலட்சுமி மாதிரி வந்துட்டா, எடுடா வண்டிய'ன்னு சொன்னது யாரு? நீங்கதானே? அந்த நல்ல சகுனம் என்ன பண்ணுச்சு மாமா?"

நான் கத்திச் சொல்லவில்லை. ஓடைச் சத்தத்தில் வேனில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. உங்கள் அண்ணனுக்குக் கேட்டது. தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குள் மலர் இறங்கிவிட்டாள். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகையும் மாலையுமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். "அம்மா நின்னா நானும் நிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமே நின்றுபோனாலும் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காதர் பாய் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "எங்களுக்குச் சகுனமெல்லாம் கெடையாதும்மா. ஆனா கேக்கறேன். விதவை எதிர்ல வந்தா கெட்டது, கல்யாணப் பொண்ணு எதிர்ல வந்தா நல்லது. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா என்ன சகுனம்?"

"வண்டி நிக்கிற சகுனம்" என்று அவரே சொல்லிவிட்டு, வேனைப் பின்னால் எடுத்து மேட்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் போகப் பிடிக்கலைம்மா. கூலிக்கு ஓட்டறவன், நாலு பேரு சிரிச்சா என்ன பண்றது?" நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்களோ?

கொஞ்ச நேரத்தில் அக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சம்பந்தி மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வாய்க்கு நேரே கையைக் குவித்துக் கத்தினார். "நேரம் போகுது! டிராக்டரே வந்துச்சே! யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் உங்கள் அண்ணன் தண்ணீரின் விளிம்புவரை போய் நின்றுகொண்டு, நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நான்தான்! நான்தான் நிறுத்தச் சொன்னேன்!"

ஒரு தடவை இல்லை. சம்பந்திக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் அவர் அதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிவிட்டது. அவர் அக்கரையைப் பார்த்து மட்டும் கத்தவில்லை என்று எனக்குப் புரிந்தது. அன்று காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. உங்களுக்கும் அது கேட்டிருக்குமா?

தண்ணீர் ஏறியது. அப்புறம் நின்றது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு மெதுவாக வடிந்தது. ஓரக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. பாலம் உடைந்திருக்கும், நான் சொன்னது சரியென்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் அதுதான் இல்லை. பாலம் கல்லுக்குண்டு மாதிரி அப்படியே இருந்தது. "பார்த்தியா, ஒண்ணுமே ஆகலை. அப்பவே போயிருக்கலாம்" என்றார் உங்கள் அத்தை.

போயிருக்கலாம்தான். போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு விபத்து நடந்தால் ஊரே சாட்சிக்கு வருகிறது. நடக்காமல் போன விபத்துக்கு யார் சாட்சி சொல்வார்கள்? நிறுத்தியவளுக்குக் கடைசிவரை கெட்ட பெயர்தான் மிஞ்சும். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை, இருக்கட்டும். காதர் பாய் முதல் கியரில் நத்தை மாதிரி கடந்து, அக்கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஈரத்தைக் காயவைத்துவிட்டுத்தான் வேகம் எடுத்தார். நீங்கள் செய்வது போலவே.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மலர் கழுத்தில் தாலி ஏறியது. சாம்பாரைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணி அது களியாகிவிட்டிருந்தது. பாயசம் திரிந்துவிட்டது. சம்பந்தி சில மாசம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும், அந்தப் பேசாத பிள்ளை, பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அத்தை, நல்லாச் சாப்பிடுங்க" என்றார். அதுபோதும் எனக்கு.

இப்போது அடுத்த செய்தி. மலர் மாசமாக இருக்கிறாள். கார்த்திகையில் வளைகாப்பு போட்டு நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதே ரோடு, அதே ஓடை, அதே மழை. நேற்று உங்கள் அண்ணன் நனைந்துகொண்டே வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காதர் பாய்கிட்ட வேன் பேசியாச்சு. நீ முன் சீட்டுல உக்காந்துக்கம்மா. நான் பின்னால வரேன்." உங்கள் அத்தை காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அவங்களும் பின்னாலதான்" என்றார்.

ஆகவே, ஏங்க, நீங்கள் மலரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. அவளை ஏற்றி வருகிற வண்டி மழையில் விளக்குப் போட்டு மெதுவாக வரும். கண் தெரியாவிட்டால் தாரைவிட்டு நன்றாக இறங்கி நிற்கும். ஓடை ஓடினால் வடிகிறவரை காத்திருக்கும். நல்ல நேரம் போனால் போகட்டும், இன்னொரு நல்ல நேரத்தைப் பஞ்சாங்கத்தில் தேடிக்கொள்ளலாம். நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காக, நான் இருக்கிற வண்டியில் இனி ஒரு டிரைவரும் சாக மாட்டான். யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி, யார் கட்டிய புருஷனாக இருந்தாலும் சரி, இறங்கிப் போய் எதிரே நிற்பேன்.

அன்றைக்கு உங்களுக்குச் சிரித்த முகமாக வழிவிட்டேன். இனி விட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மலரின் அம்மா,
என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
அமுதா